வந்த காரணம்

ஆண்டறிக்கைக்கு
வளர்ச்சி என்ற தலைப்பில் ஒரு பக்கம் கேட்டிருக்கிறார்கள்.
கணக்கு எழுதுகிறவள் நான்.
நாற்காலியிலிருந்து தொடங்குகிறேன்.

முதல் வருஷம் இரண்டு.
நீடாமங்கலம் கடைத்தெரு, உரக்கடை மாடி.
சண்டையோடு வந்தவர்களை அதில் இருத்திவிட்டு
தையல்நாயகி பாயில் உட்கார்வாள்,
நான் படிக்கட்டில், நோட்டோடு.
யாராவது அழுதால்
யூரியா நெடி என்று சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொள்ள
அங்கே வசதி இருந்தது.
வடுவூர்க்காரர் ஒருவர்
மூன்று வியாழக்கிழமை கீழேயே நின்று
டி.ஏ.பி. என்ன விலை என்று கேட்டுப் போனார்.
நாலாவது வியாழன் மேலே வந்தார்,
கையில் ஒரு மூட்டைக்கான ரசீதோடு.

எட்டாம் வருஷம் சொந்தக் கட்டடம்,
ரயில்வே கேட்டுக்கு அந்தப்புறம்.
நாலு அறை. இருபத்தாறு நாற்காலி.
சிவப்பு எழுத்தில் பெரிய பலகை:
குடும்ப ஆலோசனை மற்றும் இளைஞர் சேவை மையம்.
பலகை மாட்டிய மாதம் ஒருவரும் வரவில்லை.
அடுத்த மாதம் தபால்காரர் வந்தார்.

இதை அறிக்கையில் எழுத முடியாது.

ஷம்ஷாத்துக்குத்தான் தோன்றியது.
பலகையைக் கழற்றி உள்ளே சாய்த்துவிட்டு
வாசலில் ஒரு ஜெராக்ஸ் மிஷின் போட்டோம்.
ரேஷன் கார்டோடு வந்தார்கள்,
சிட்டா அடங்கலோடு வந்தார்கள்,
பக்கத்துக்கு ஒரு ரூபாய் கொடுத்துவிட்டு
நகலை மடித்தபடி நிற்பார்கள்.
நிற்பது நீண்டால் ஷம்ஷாத்
"உள்ளே நல்லா காத்து வரும்" என்பாள்.
பூவனூர் அக்கா ஒருத்தி
தன் கல்யாணப் பத்திரிகை ஒன்றையே
பதினோரு தடவை நகல் எடுத்தாள்.

வரைபடமும் வேண்டுமாம்.
மேட்டூர் நீர்மட்டத்தைத் தலைகீழாகப் பிடித்தால்
எங்கள் வரைபடம்.
கோரையாற்றில் தண்ணீர் வராத வருஷம்
நகை அடகுக்குப் போகும்,
பின்னாலேயே
நகைக்கு உரியவள் எங்களிடம் வருவாள்.

பையன்கள் வேறு வழியில் வந்தார்கள்.
பின்கட்டில் கேரம் போர்டு.
அப்பாவின் குறுவைப் பணத்தை
ஆன்லைன் ரம்மியில் விட்டவன்,
காலேஜுக்குப் போவதாகச் சொல்லி
மன்னார்குடி பஸ் ஸ்டாண்டில் பகலைக் கழிப்பவன்,
சிவப்புக் காய் குழியில் விழுந்த பிறகுதான்
வாய் திறப்பார்கள்.
தோற்கிறவன் கொஞ்சம் முன்னாடியே.
தையல்நாயகி இப்போது நன்றாக ஆடுகிறாள்.
வேண்டுமென்றே தோற்கவும் தெரிகிறது.

கவிபாலன் என்று ஒருவன் போன் செய்தான்.
கேட்டுக்கு இந்தப்பக்கம் நிற்கிறேன்,
திறந்ததும் வந்துவிடுகிறேன் என்றான்.
பெயரை எழுதி வைத்தேன்.
நெல் ஏற்றிய சரக்கு ரயில்
முன்னே போய், பின்னே வந்து,
எஞ்சின் மாற்றிக்கொண்டு கிளம்ப
முப்பத்தைந்து நிமிஷம்.
திறந்தபோது
பைக்குகளும் வேன்களும் ஒரு கல்யாணக் காரும் வந்தன.
அவன் வரவில்லை. அந்த நம்பர் பிறகு எடுக்கப்படவும் இல்லை.
வந்த காரணம் என்ற கட்டம்
அவன் பெயருக்கு நேரே காலியாக இருக்கிறது.
வருஷம் இரண்டாகியும் அந்த வரியை நான் அடிக்கவில்லை.
கேட்டு மூடும் மணி அடித்தால்
ஷம்ஷாத் எழுந்து போய் வாசலில் நிற்கிறாள்.

பழைய நோட்டுகளில் அந்தக் கட்டம் நிறைய
குடி, அடி, கடன், மாமியார், சந்தேகம்.
குரலைத் தாழ்த்திச் சொல்லி எழுதியவை.
போன வருஷம்தான் ஒருவன்
பேனாவை என்னிடமிருந்து வாங்கித் தானே எழுதினான்:
சும்மா.
அடுத்த வாரம் இன்னொருவன்.
பிறகு பூவனூர் அக்கா,
இந்த முறை காகிதம் எதுவும் கொண்டுவராமல்.
எண்ணிப் பார்த்துவிட்டேன்,
முந்நூற்றுப் பன்னிரண்டு சும்மா.

அறிக்கைப் படிவத்தில் அதற்குக் கட்டம் இல்லை.
இதர என்பதில் போடச் சொல்கிறார்கள்.
போடவில்லை.
ஸ்கேல் வைத்துத் தனியாக ஒரு கோடு இழுத்து எழுதுகிறேன்.
கீழே, தேவைகள் என்ற இடத்தில்:
நாற்காலி பத்து.
கைப்பிடி வைத்தது.
சும்மா வருகிறவர்கள் நெடுநேரம் உட்கார்கிறார்கள்.